பார்க்காத காய்

என் அண்ணன் பேசுவதற்குச் சம்பளம் வாங்குகிறார். வீட்டில் அதையே இலவசமாகச் செய்கிறார். கம்பெனி கம்பெனியாகப் போய், அதிகாரிகளை ஓர் அறையில் உட்காரவைத்து, எதிராளியின் முகத்தைப் படிப்பது எப்படி என்று காலை முதல் மாலை வரை வகுப்பெடுப்பது அவர் தொழில். காதைச் சொறிந்தால் பயம். மூக்கைத் தொட்டால் பொய். கையைக் கட்டிக்கொண்டால் மனசுக்குள் ஏதோ ஒளிந்திருக்கிறது. கொட்டாவி விட்டால் என்ன அர்த்தம் என்று மட்டும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லாவற்றையும் விட அதைத்தான் அதிகம் பார்த்திருப்பார்.

அப்படி ஒரு வகுப்பு முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டு மேசையின் நடுவில் ஒரு மரப்பெட்டியை வைத்தார். குழந்தையைத் தொட்டிலில் இடுகிற பக்குவத்தோடு வைத்தார். திறந்தால் உள்ளே தோலால் தைத்த குவளைகளும், தந்த நிறத்தில் பகடைகளும்.

“இது வெறும் விளையாட்டு இல்ல. மனுஷ மனசை எக்ஸ்ரே எடுக்கிற மெஷின்” என்றார்.

“எடுக்கறதுக்கு முன்னாடி அந்த எச்சில் தட்டை எடுங்க” என்றார் அண்ணி.

அண்ணன் முக்கால் மணி நேரம் விளக்கிய ஆட்டத்தை நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு ஐந்து பகடைக் காய், ஒரு குவளை. எல்லோரும் ஒன்றாகக் குலுக்கிக் குவளையை மேசைமேல் கவிழ்க்க வேண்டும். அவரவர் தம் குவளையை லேசாகச் சாய்த்து, தம் காய்களை மட்டும் பார்த்துக்கொள்ளலாம். பிறகு ஒருவர் ஆரம்பிப்பார்: ‘மூணு காய்ல நாலு’. அதாவது, மேசையிலுள்ள எல்லாக் குவளைகளுக்கும் அடியில், எல்லாம் சேர்த்துக் குறைந்தது மூன்று காய்களில் நாலு விழுந்திருக்கிறது என்கிறார். மற்றவர் குவளைக்குள் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. தெரிந்த மாதிரி சொல்வதுதான் ஆட்டம். அடுத்தவர் அதைவிட உயர்த்திச் சொல்ல வேண்டும். காய்களின் எண்ணிக்கையைக் கூட்டலாம், அல்லது அத்தனை காய்களிலேயே ஐந்து, ஆறு என்று எண்ணைக் கூட்டலாம். கூட்டத் துணிவில்லை என்றால் ‘பொய்!’ என்று கத்த வேண்டும். உடனே எல்லாக் குவளைகளும் மேலே போகும். சொன்ன அளவு இருந்துவிட்டால் கத்தியவருக்கு ஒரு காய் நஷ்டம். இல்லையென்றால் சொன்னவருக்கு நஷ்டம். நஷ்டப்பட்டவர் அடுத்த சுற்றை ஆரம்பிக்க வேண்டும். கடைசிவரை காய் வைத்திருப்பவர் ஜெயித்தவர்.

“பணம் கிணம் வெச்சு ஆடற வேலை இந்த வீட்ல வேணாம்” என்று அண்ணி முதலிலேயே சொல்லிவிட்டார். “வேலையை வெச்சு ஆடுவோம். முதல்ல வெளியே போறவங்க இந்த வாரம் எல்லாருக்கும் துணி இஸ்திரி போடணும். ரெண்டாவது போறவங்க பாத்திரம் தேய்க்கணும்.”

அண்ணன், அண்ணி, அக்கா, நான், என் மனைவி என்று ஐந்து பேர் உட்கார்ந்தோம். அந்த மேசையில் பொய் சொல்லத் தெரியாத ஆள் ஒருத்திதான். என் அக்கா.

அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். அண்ணனுக்கு அடுத்தவள், எனக்கு மூத்தவள். கடைகளின் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதிக்கிற அலுவலகத்தில் ஆய்வாளர். அவள் தெருவில் இறங்கினால் வியாபாரிகளின் தராசெல்லாம் தாமாகவே நேராகிவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. எடையில் மட்டுமல்ல, வார்த்தையிலும் அவள் கூட்டியதில்லை, குறைத்ததில்லை. கல்யாண வீட்டில் யாராவது வந்து, “என்னை ஞாபகம் இருக்கா?” என்று பல்லைக் காட்டினால், நாமெல்லாம் “ஐயோ, மறப்பேனா!” என்று கட்டிக்கொண்டு, அப்புறம் பக்கத்தில் இருப்பவரிடம் யார் இது என்று கேட்போம். அக்கா, “இல்லை” என்பாள். அண்ணனுக்குப் பெண் கொடுப்பதற்கு முன்னால் அண்ணியின் அப்பா அக்காவைத் தனியாக அழைத்து, பையன் எப்படி என்று விசாரித்தார். “தூங்கும்போது நல்ல மனுஷன்” என்றாள். அந்த வார்த்தையை நம்பித்தான் இந்த வீட்டுக்கு வந்தேன் என்று அண்ணி இன்றும் சொல்வார். அக்காவின் சொந்தக் கல்யாணம் அவ்வளவு நாள் நிற்கவில்லை. அவள் கணவர் பாடுவார். பாடி முடித்ததும் எப்படி இருந்தது என்று கேட்பார். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்படிப்பட்டவளை இப்படிப்பட்ட ஆட்டத்துக்கு உட்காரவைத்தால் என்ன ஆகும்? முதல் சுற்றில், “மூணு காய்ல ரெண்டு” என்றார் அண்ணன். அடுத்தது அக்கா. குவளையைச் சாய்த்துப் பார்த்தாள். எதையோ தொலைத்தவள்போல் இன்னொரு முறை பார்த்தாள்.

“என்கிட்ட ரெண்டு காய்ல அஞ்சு இருக்கு. மத்தவங்களோடது எனக்குத் தெரியாது.”

மேசை அதிர்ந்தது. என் மனைவிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

“கையில இருக்கிறதைச் சொல்லக்கூடாதும்மா! கூட்டிச் சொல்லணும்!” என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

“இல்லாததை எப்படிண்ணே கூட்டறது?”

“அப்ப ‘பொய்’னு சொல்லு.”

“நீ பொய் சொல்றேன்னு எனக்குத் தெரியாதே. தெரியாம ஒருத்தரைப் பொய்யன்னு எப்படிச் சொல்றது? சோதனை பண்ணலாம்னு வேணா சொல்றேன்.”

அன்றிலிருந்து அவளுக்கு மட்டும் ‘பொய்’ கிடையாது, ‘சோதனை’தான். கூட்டிச் சொல்ல வாய் வராததால், முறை வந்த போதெல்லாம் சோதனை சோதனை என்றே போனாள். காய்கள் ஒவ்வொன்றாகப் போயின. ஞாயிறு தவறாமல் ஆடினோம், ஞாயிறு தவறாமல் அவள்தான் முதலில் வெளியே போனாள். எங்கள் வீட்டுச் சட்டைகள் அந்தக் காலத்தில் நின்ற மடிப்போடு அதற்கு முன்பும் நின்றதில்லை, பின்பும் நின்றதில்லை. அண்ணன் மட்டும் ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் சுண்டுவிரலால் மேசையைத் தட்டி, யார் முகத்தில் எதைப் படித்தார் என்று பாடம் நடத்துவார். தோற்ற அன்றும் நடத்துவார். அன்று வெளிச்சம் சரியில்லை என்று இருக்கும்.

இந்தச் சமயத்தில்தான் மாடி அறை காலியானது.

மாடியில் ஒரே அறை. அதில் குடியிருந்த புகைப்படக்காரர் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு பக்கம் ஜன்னல், தனி வாசல், உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்த கதவு. கீழே எங்கள் நிலைமை இது: அண்ணன் அண்ணிக்கு ஓர் அறை, எனக்கும் மனைவிக்கும் ஓர் அறை. பக்கவாட்டில் உள்ள சின்ன அறையில் அண்ணன் வாங்கிய கேடயங்களும் பொன்னாடைகளும் குடியிருந்தன. அக்காவின் கட்டில் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே போகிற வழியில், ஒரு திரைக்குப் பின்னால் கிடந்தது. தண்ணீர் குடிக்கப் போகிறவன், பால் எடுக்கப் போகிறவள், சாவியைத் தேடுகிறவன் எல்லோரும் அவளைத் தாண்டித்தான் போகவேண்டும். திரும்பி வந்த நாளிலிருந்து அவள் அங்கேதான். கேடயத்துக்கு அறை, அக்காவுக்குத் திரை. இத்தனை வருஷமாக அது எங்களில் யார் கண்ணிலும் பட்டதில்லை. முகத்தைப் படிக்கிறவர் கண்ணில் கூட.

அன்று சாப்பிடும்போது அண்ணன் தொண்டையைச் செருமினார். “மேல அறையை ஆலோசனை அறையா மாத்தலாம்னு இருக்கேன். பெரிய மனுஷங்கல்லாம் வருவாங்க. ஒரு சுழல் நாற்காலி போட்டா—”

“அந்த அறை எனக்கு வேணும்” என்றாள் அக்கா.

அவள் எதையும் வேண்டும் என்று கேட்டு நாங்கள் கேட்டதில்லை. கரண்டி நடு வழியில் நின்றது.

“உனக்கா? எதுக்கும்மா?”

“கதவைச் சாத்திக்கிட்டு உட்கார.”

“உட்கார்ந்து?”

“உட்கார்ந்து ஒண்ணும் இல்லண்ணே. சும்மா உட்கார.”

அண்ணன் கெட்டவர் இல்லை. மூத்தவன் என்ற முறையில் எனக்கே என்று எடுத்துக்கொள்பவரும் இல்லை. எடுத்துக்கொள்வார், ஆனால் அது நியாயமாக நடந்தது என்று நாலு பேர் சொல்ல வேண்டும். சற்று யோசித்துவிட்டு, முகம் மலர, “சண்டை எதுக்கு? நானும் நீயும் மட்டும் ஆடுவோம். ஜெயிச்சவங்களுக்கு அறை. விதி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே?” என்றார்.

தண்ணீருக்குள் யார் அதிக நேரம் மூச்சடக்குவது என்று மீன் மனிதனைப் பந்தயத்துக்குக் கூப்பிட்டால், அங்கேயும் விதி இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

“ஏங்க, அவளுக்கு வாயில பொய் வராதுன்னு தெரிஞ்சுதானே கூப்பிடறீங்க?” என்றார் அண்ணி.

“நானும் அதைத்தான் சொல்றேன், அண்ணே. இது நல்லா இல்ல” என்றேன் நான்.

“சரி. வர்ற ஞாயித்துக்கிழமை ஆடலாம்” என்றாள் அக்கா. எங்கள் இருவரின் வக்காலத்தும் காற்றில் போயிற்று.

அந்த வாரம் அவள் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தபடி அடிக்கடி நின்றுவிடுவாள். என் சட்டை ஒன்றின் முதுகில் பழுப்பாக முக்கோணம் விழுந்ததும் அந்த வாரம்தான். ஒரு நாள் காலையில் என்னைக் கூப்பிட்டாள்.

“டேய், ஒரு கடைக்காரன் மூட்டையை நிறுக்காமயே, ‘ஒரு அம்பது கிலோ இருக்கும்’னு சொல்றான்னு வெச்சுக்கோ. அது பொய்யா?”

“நிறுத்துப் பார்த்துட்டு மாத்திச் சொன்னாத்தான் பொய். இது குத்துமதிப்பு.”

“குத்துமதிப்புக்கு நான் அபராதம் போட முடியுமா?”

“நீ எப்படியாவது போட்டுடுவே.”

“முடியாதுடா” என்றாள். என்னமோ அவளுக்கே ஒரு அபராதம் தள்ளுபடி ஆன மாதிரி இருந்தது முகம்.

ஞாயிற்றுக்கிழமை மேசைக்கு இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் அக்கா. சுற்றிலும் நாங்கள் மூவர். என் மனைவி அக்காவை ஒட்டினாற்போல் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு குவளைகளும் குலுங்கின, கவிழ்ந்தன. அண்ணன் தன் குவளையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்துவிட்டு மூடினார். அக்கா குவளையைத் தொடவில்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“பாரும்மா” என்றார் அண்ணன்.

“வேணாம்.”

“காயைப் பார்க்காம எப்படி ஆடுவே?”

“பார்க்கணும்னு கட்டாயம் இருக்கா?”

அண்ணன் வாயைத் திறந்தார். முக்கால் மணி நேர விளக்கத்தில் அவர் சொன்னது ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்றுதான். “கட்டாயம் இல்ல. ஆனா...”

“பார்த்துட்டு மாத்திச் சொன்னாத்தாண்ணே பொய். பார்க்காம சொன்னா குத்துமதிப்பு. குத்துமதிப்பா நான் எவ்வளவு வேணாலும் சொல்வேன்.”

பிறகு அண்ணன் நாற்காலியில் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். “கண்ணைக் கட்டிக்கிட்டு ரோட்டைக் கடக்கறேங்கற. சரி, உன் இஷ்டம். ரெண்டு காய்ல நாலு.”

“மூணு காய்ல நாலு” என்றாள் அக்கா, மடியிலிருந்து கையை எடுக்காமல்.

அவள் ஆயுளில் கூட்டிச் சொன்ன முதல் வார்த்தை அது. என் மனைவி என் தொடையைக் கிள்ளினாள். தோல் கன்றிப்போகிற அளவுக்குக் கிள்ளினாள்.

அண்ணன் முன்னால் குனிந்து அக்காவின் முகத்தை உற்றுப் பார்த்தார். பல கம்பெனிகளின் மேலதிகாரிகளை நடுங்கவைத்த பார்வை அது என்று அவரே சொல்லியிருக்கிறார். அக்காவும் திருப்பி அவரைப் பார்த்தாள், பேருந்துக்கு நிற்பவள் எதிர்ச்சுவரைப் பார்ப்பதுபோல. அங்கே படிக்க என்ன இருக்கிறது? அவளுக்கே ஒன்றும் தெரியாது. பூட்டிய கடையில் போய் விலை கேட்ட மாதிரிதான்.

“நாலு காய்ல நாலு” என்றார் அண்ணன்.

“சோதனை.”

குவளைகள் மேலே போயின. அண்ணனிடம் இரண்டு, அக்காவிடம் ஒன்று. மூன்றே மூன்று நாலுகள். அண்ணனின் ஒரு காய் பெட்டிக்குள் போயிற்று.

“குருட்டு அதிர்ஷ்டம்” என்றார்.

“குருட்டுத்தனமா ஆடினா வேற எந்த அதிர்ஷ்டம் வரும்?” என்றார் அண்ணி.

அதற்கப்புறம் நடந்ததை நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அக்காவுக்கும் காய்கள் போயின, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அவள் உடம்பு இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. அண்ணனின் உடம்புதான் ஆட ஆரம்பித்தது. ஒரு முறை அக்கா மூக்கைத் தொட்டாள். “ஆ! மூக்கு!” என்று அண்ணன் துள்ளி, அவள் சொன்னதைப் ‘பொய்’ என்று கத்தினார். குவளையைத் தூக்கினால் சொன்னது சரியாக இருந்தது.

“மூக்கைத் தொட்டியே?”

“அரிச்சுது.”

இன்னொரு சுற்றில் அவள் கையைக் கட்டிக்கொண்டாள். அண்ணன் அதை நெடுநேரம் ஆராய்ந்துவிட்டு, ஏதோ இருக்கிறது என்று முடிவுகட்டி உயர்த்திச் சொன்னார். ஒன்றுமே இல்லை. மின்விசிறிக் காற்று சில்லென்று அடித்ததாம். காய்கள் குறையக் குறைய அண்ணன் தன் காதைத் தானே சொறிந்துகொண்டார். பயம் என்று அர்த்தம், அவர் பாடப்படியே.

நான் அவ்வளவு நாள் அக்காவின் உண்மையை ஒரு குறையாகத்தான் நினைத்து வைத்திருந்தேன். கால் விந்துகிறவர்களிடம் காட்டுகிற பரிவோடு அவளிடம் பேசியிருக்கிறேன். அன்றுதான் அந்தக் குணத்தின் கெட்டிக்காரத்தனம் எனக்கு விளங்கியது. தன் கொள்கையை ஊசிமுனை அளவும் வளைக்காமல், ஆட்டத்தை வளைத்துவிட்டாள்.

கடைசியில் ஆளுக்கு ஒரே காய் மிஞ்சியது. முந்தைய சுற்றில் தோற்றவர் அண்ணன், அவர்தான் ஆரம்பிக்க வேண்டும். குலுக்கினார்கள். கவிழ்த்தார்கள். அண்ணன் பார்த்தார், மூடினார். குரலை வேண்டுமென்றே தாழ்த்தி, “ஒரு காய்ல ஆறு” என்றார்.

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தை அல்ல, ஆளையே பார்த்தாள். கூடப் பிறந்து வளர்ந்த ஆள். பள்ளியில் நூற்றுக்கு அறுபது வாங்கிவிட்டு வீட்டில் எண்பது என்று சொன்னவர். முப்பது பேர் வந்த கூட்டத்தை முந்நூறு பேர் என்றவர்.

“சோதனை” என்றாள்.

அண்ணன் குவளையைத் தூக்கினார். ரெண்டு.

நான் மேசையைத் தட்டிக் கத்திவிட்டேன். அண்ணி கை தட்டினார். அப்புறம் அவரே, “இருங்க, இருங்க. இவ காயையும் எண்ணணும் இல்ல?” என்றார்.

ஆமாம். மேசையில் எங்கேயாவது ஓர் ஆறு இருந்தால் அண்ணன் சொன்னது நிஜமாகிவிடும். யாரும் பார்க்காத ஒரு காய் இன்னும் இருந்தது.

அக்கா குவளையைத் தன் பக்கமாகச் சாய்த்தாள். எங்களுக்குத் தெரியவில்லை. அவளுக்கும், அவளை ஒட்டி உட்கார்ந்திருந்த என் மனைவிக்கும் மட்டும் தெரிந்தது. என் மனைவியின் முகத்தில் ஈயாடவில்லை. அவள் முழங்கை மேசையை நோக்கி நகர்வதை நான் பார்த்தேன். லேசாக ஓர் இடி இடித்தால் போதும், காய் புரண்டுவிடும். யாரும் கேட்கமாட்டார்கள். அக்கா இடது கையால் அந்த முழங்கையைப் பிடித்துக்கொண்டு, குவளையை முழுக்கத் தூக்கினாள்.

“ஆறு. அண்ணன் சொன்னது இருக்கு. நான் தோத்துட்டேன்.”

சந்தையில் எடை படிக்கிற அதே குரல்.

பிறகு அண்ணன் பேசினார். பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அது அவர் ஜாதகத்தில் இல்லை. சுண்டுவிரல் மேசையைத் தட்ட ஆரம்பித்தது. “கவனிச்சீங்களா? அவ கண் இமை லேசா இறங்கிச்சு. கன்னத்துல ஒரு இறுக்கம். அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, இவகிட்ட ஒரு ஆறு இருக்குன்னு. அதனாலதான் துணிஞ்சு ஆறுன்னு சொன்னேன். முகம் பொய் சொல்லாது. அவ முகத்துலயே எழுதியிருந்தது.”

அண்ணி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டார். பிறகு ரொம்ப மரியாதையாக ஒரு கேள்வி கேட்டார்.

“அவளுக்கே தெரியாத காயை அவ முகத்துல எப்படிங்க படிச்சீங்க?”

சுண்டுவிரல் நின்றது. என் மனைவி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். பலன் இல்லை. முதலில் அவள் வெடித்தாள், அப்புறம் நான், அப்புறம் அண்ணி. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து குவளைகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிப் பெட்டியில் வைத்தாள்.

“சாமானெல்லாம் எப்ப மேல ஏத்தணும்னு சொல்லுண்ணே. நானும் ஒரு கை பிடிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, திரையை விலக்கிக்கொண்டு தன் கட்டில் பக்கம் போனாள். இஸ்திரிப் பெட்டியின் ஒயரைச் சொருகும் சத்தம் கேட்டது. அந்த வழியாகத்தான் நான் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடிக்க வேண்டும். தாகமாக இருந்தும் போகவில்லை.

அண்ணன் அப்படியே உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததை அதற்கு முன் தூக்கத்தில்தான் பார்த்திருக்கிறேன். பிறகு திரையைப் பார்த்து, “ஏய்” என்று கூப்பிட்டார். “எனக்கு ஒரு எழவும் தெரியலை. கையில ரெண்டு இருந்தது. ரெண்டுன்னு சொல்லப் பயமா இருந்தது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.”

“கல்யாணம் பண்ணி இத்தனை வருஷத்துல இப்பத்தான் இவர் குரலையே கேக்கறேன்” என்றார் அண்ணி. கிண்டலாகச் சொல்ல நினைத்திருப்பார். அப்படி வரவில்லை.

“அறையை நீயே எடுத்துக்கோ” என்றார் அண்ணன்.

“வேணாம். தோத்தேன்.” திரைக்குப் பின்னாலிருந்து பதில்.

“நான் தர்றேன்ல?”

“தந்தா அது உன் அறைதான். நான் அதுல இருக்கறேன், அவ்வளவுதான். வேணாண்ணே.”

அண்ணன் எழுந்து திரைக்கு அருகில் போனார். விலக்கவில்லை. “அப்ப இன்னொரு ஆட்டம் கேளு. தோத்தவங்க கேட்டா ஜெயிச்சவன் ஆடித்தான் ஆகணும். எந்த ஆட்டத்துலயும் அதுதான் மரியாதை.”

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்கிற சத்தம். கேட்பது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்பதைப் போல் சுலபமாக அவள் எதையும் சொன்னதில்லை.

“கேக்கறேன்” என்றாள். “அந்த அறை எனக்கு ரொம்ப வேணும். அதனாலதான் கேக்கறேன்.”

மறுபடி உட்கார்ந்தார்கள். மறுபடி ஐந்து ஐந்து காய். குலுக்கிக் கவிழ்த்ததும் அண்ணன் செய்த காரியம் எங்களை நிமிர்ந்து உட்காரவைத்தது. அவரும் குவளையைத் தொடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டார்.

“நீ பார்க்கலாமே?” என்றாள் அக்கா.

“கட்டாயம் இல்லையே?” என்றார் அண்ணன். “அஞ்சு காய்ல ஆறு.”

“சோதனை.”

ஒன்று கூடத் தேறவில்லை. அடுத்த சுற்றில், “நாலு காய்ல ஆறு” என்றார். சோதனை. போயிற்று. அதற்கடுத்ததிலும் ஆறுதான். பார்த்து ஆடினாலும் பார்க்காமல் ஆடினாலும் ஆறுக்குக் குறைந்த எண் ஒன்று பகடையில் இருக்கிறது என்பதே அவருக்கு நினைவில்லை போலிருந்தது. காய்கள் மளமளவென்று பெட்டிக்குள் போயின.

பாதியில் அக்கா குவளைமேல் கையை வைத்து நிறுத்தினாள். “வேணும்னே தோக்கறியா? அப்படின்னா நான் எந்திரிச்சுடுவேன்.”

அண்ணன் தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தார். “பார்க்காம ஆடறவன் எப்படிம்மா வேணும்னே தோப்பான்?”

அவள் யோசித்தாள். சட்டத்தில் ஓட்டை இருக்கிறதா என்று தேடுகிற ஆய்வாளரின் யோசனை. தேடிப் பார்த்துவிட்டுக் குவளையிலிருந்து கையை எடுத்தாள். “சரி. சொல்லு.”

கடைசிக் காய் வரைக்கும் அவர் ஆறுதான் சொன்னார். அந்த மனுஷனைக் கேலி செய்தே நான் பாதி ஆயுளை ஓட்டியிருக்கிறேன். மீதியையும் அப்படியே ஓட்டுவதாக உத்தேசம். ஆனால் அன்று மேசையை விட்டு எழுந்தபோது அவர் முகத்தை நானும் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். பிரமாதமாக இருந்தது.

மாடி அறைக் கதவு மழையில் ஊதிப்போய்ச் சாத்த வராமல் இருந்தது. தச்சர் வந்து இழைத்துக் கொடுத்தார். அக்கா கட்டிலை ஏற்றினாள், ஒரு நாற்காலியை ஏற்றினாள், வேறெதையும் ஏற்றவில்லை. அன்று மாலை கதவு சாத்துகிற சத்தமும், தாழ்ப்பாள் விழுகிற சத்தமும் கீழே வரைக்கும் கேட்டன. சாப்பாட்டுக்குக் காத்திருந்தோம். வரவில்லை. ஆறிக்கொண்டிருந்தது. அண்ணன்தான் கூப்பிடப் போனார், நானும் பின்னால் ஏறினேன். கதவுக்கு முன்னால் வந்ததும் அவருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். விரலை மடக்கி, இரண்டு தட்டுத் தட்டினார்.

“யாரு?”

“நான்தாம்மா. என்ன பண்றே?”

தலைவலி என்று சொல்லலாம். தூக்கம் வந்துவிட்டது என்று சொல்லலாம். நீங்களும் நானும் அதைத்தான் சொல்லியிருப்போம்.

“ஒண்ணும் பண்ணலண்ணே. தனியா உட்கார்ந்திருக்கேன். இன்னும் கொஞ்ச நேரம் உட்காரணும்.”

“சரிம்மா” என்றார் அண்ணன். படியில் சத்தம் வராமல், ஓரமாகக் கால் வைத்து இறங்கினோம்.